தானாக நின்றுபோகும் கணினி: ஒரு துப்பறியும் வரலாறு

கணினி வைத்திருக்கும் எவருக்கும் பழகிய நோய்தான் இது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நீலத்திரை வந்து நிற்கும். இல்லையென்றால் திரை அப்படியே உறைந்துபோய், மவுஸை எவ்வளவு ஆட்டினாலும் அம்பு நகராது. சில சமயம் யாரும் தொடாமலே ரீஸ்டார்ட் ஆகும். நேற்று காலை ஒருமுறை, இன்று மூன்று முறை, அப்புறம் ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே சமர்த்தாக மணிக்கணக்கில் ஓடும். "வைரஸா இருக்கும் சார், ஃபார்மட் பண்ணிடலாம்" என்பார்கள். ஃபார்மட் பண்ணி, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்தால் நான்காம் நாள் மறுபடியும் நீலத்திரை.

மென்பொருளில் பிழை என்றால் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு இருக்கும். இந்த ஃபைலைத் திறந்து இந்தப் பட்டனை அழுத்தினால் இந்த இடத்தில் விழும் என்று காட்டலாம். வன்பொருள் முழுசாகச் செத்துப்போனாலும் கண்டுபிடிப்பது சுலபம்தான். அரைகுறையாக வேலை செய்யும் வன்பொருள்தான் ஆளைக் கொல்லும். நூறு கோடி முறை சரியாகச் செய்துவிட்டு ஒரே ஒரு முறை தப்பாகச் செய்யும். அந்த ஒரு தப்பு எங்கே போய் விழுகிறதோ, அங்கே இருக்கிற மென்பொருள்தான் குற்றவாளி மாதிரி தெரியும். அதனால் முதல் பழி எப்போதும் வேறு யார் மேலாவது விழும். புரோகிராம் எழுதியவர், அதை ஓட்டியவர், விண்டோஸ், வைரஸ் என்று பட்டியல் நீளும்.

இதற்கு நாம் ‘ராண்டம்' என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கணினியின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ராண்டம் என்று சொல்லப்பட்ட கோளாறுகளில் பலவற்றுக்குள் ஒரு ஒழுங்கு இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து கணக்கெடுக்கும் வரை அது தெரியவில்லை, அவ்வளவுதான். அப்படிக் கணக்கெடுத்தவர்களின் கதைகள் சிலவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பானையைத் தட்டிப் பார்ப்பது

1946-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக் கணினியில் சுமார் 18,000 வால்வுகள். நம் வீடுகளில் இருந்த பழைய வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இதன் தொல்லை புரியும். ரேடியோவில் இருப்பது ஐந்தாறு வால்வு. அதுவே அடிக்கடி மக்கர் பண்ணும். பதினெட்டாயிரம் வால்வில் எந்த நேரமும் ஏதோ ஒன்று சாகும் நிலையில்தான் இருக்கும். சூடேறும்போதும் ஆறும்போதும்தான் வால்வுகள் அதிகம் போகின்றன என்று கவனித்து, இயந்திரத்தை அணைக்காமலே வைத்திருக்கப் பழகினார்கள்.

உண்மையான முன்னேற்றம் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் தலைமையில் கட்டப்பட்ட வேர்ல்விண்ட் கணினியில் வந்தது. 1951 வாக்கில் முழுதாக இயங்கத் தொடங்கிய இந்த இயந்திரம், நிஜ நேரத்தில் பதில் சொல்ல வேண்டிய வேலைக்காகக் கட்டப்பட்டது. பின்னாளில் அமெரிக்க வான் பாதுகாப்பு அமைப்புக்கு இதுதான் முன்னோடி. விமானம் வருகிற நேரத்தில் "கொஞ்சம் இருங்க, வால்வு மாத்திட்டு வர்றோம்" என்று சொல்ல முடியாது.

ஃபாரஸ்டர் குழுவின் யோசனை எளிமையானது. வால்வு ஒரே நாளில் சாவதில்லை. நாள்கணக்கில் மெல்ல மெல்லப் பலவீனமாகிறது. பலவீனமான வால்வும் சரியான மின்னழுத்தத்தில் சரியாகவே வேலை செய்யும். எனவே ஒவ்வொரு நாளும் சோதனை நிரல் ஒன்றை ஓடவிட்டு, சுற்றுகளின் மின்னழுத்தத்தைப் பகுதி பகுதியாக வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். தெம்பாக உள்ள வால்வு அதைத் தாங்கும். நாளை மறுநாள் போகப்போகிற வால்வு இன்றைக்கே தடுமாறும். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டார்கள்.

சந்தையில் மண்பானை வாங்குகிறவர் தட்டிப் பார்த்து வாங்குவது இதே காரணத்துக்காகத்தான். கண்ணுக்குத் தெரியாத கீறல் தண்ணீர் ஊற்றுகிற அன்றைக்குத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தட்டினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். எப்போதாவது வருகிற கோளாறை நாம் கேட்கும்போது வரவைப்பது என்ற இந்த உத்தி, இன்றுவரை வன்பொருள் சோதனையின் அடிப்படை. பிராசசரை மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடவிட்டுப் பார்க்கிறவர்கள் எல்லோரும் வேர்ல்விண்ட் காலத்துப் பானையைத்தான் தட்டுகிறார்கள்.

ஒரு கணிதக்காரரின் வார இறுதி

அதே காலகட்டத்தில் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்டு ஹாமிங் என்ற கணிதவியலாளருக்கு வேறொரு எரிச்சல். அங்கிருந்த ரிலே கணினி தன் தப்பைத் தானே கண்டுபிடிக்கும் திறமை உள்ளது. வார நாட்களில் தப்பு வந்தால் விளக்கெரியும், ஆபரேட்டர் வந்து சரிசெய்வார். வார இறுதியில் ஆபரேட்டர் கிடையாது. தப்பு வந்தால் இயந்திரம் அந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு வரிசையில் அடுத்த வேலைக்குப் போய்விடும். ஹாமிங்கின் வேலை வார இறுதி வரிசையில்தான் இருந்தது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது.

தப்பு நடந்திருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரிகிறதென்றால், எங்கே நடந்தது என்றும் அதுவே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளக் கூடாதா என்று அவர் யோசித்தார். நான்கு பிட் தகவலோடு மூன்று பிட் சோதனைத் தகவலைச் சரியான முறையில் சேர்த்து வைத்தால், ஏழில் எந்த ஒரு பிட் மாறியிருந்தாலும் அது எது என்று கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். 1950-இல் இதை வெளியிட்டார். இன்றைய சர்வர்களில் இருக்கும் இசிசி மெமரியின் மூதாதை இதுதான். நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவற்றில் இது இன்றும் இல்லை. இந்த இல்லாமைக்குக் கொடுத்த விலைதான் கீழே வரப்போகும் கதைகளில் பாதி.

பீங்கானுக்குள் இருந்த யுரேனியம்

1970-களில் வால்வுகள் போய் சிலிக்கான் சிப் மெமரி வந்துவிட்டது. சூடு கிடையாது, எரிந்துபோகும் இழை கிடையாது. இனி கோளாறே வராது என்று நினைத்த நேரத்தில், இன்டெல் நிறுவனத்தின் 16 கிலோபிட் மெமரி சிப்களில் ஒரு விசித்திரமான நோய் தெரிந்தது. எங்கோ ஒரு பிட் தானாக மாறும். அந்த இடத்தில் மறுபடி எழுதிப் படித்தால் சரியாக இருக்கும். ஆயிரம் முறை சோதித்தாலும் அந்தச் செல் ஒழுங்காக வேலை செய்யும். அடுத்த முறை வேறெங்கோ மாறும். சிப்பில் பழுது என்று எதுவும் இல்லை. தப்பு மட்டும் இருக்கிறது.

டிமோதி மே என்ற இளம் இயற்பியலாளரும் மர்ரே வுட்ஸும் 1978-இல் இதற்கு விடை சொன்னார்கள். சிப்பை மூடியிருக்கும் பீங்கான் உறையில் மிக நுண்ணிய அளவில் யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவை சிதையும்போது ஆல்ஃபா துகள் கிளம்பி சிலிக்கானுக்குள் பாய்கிறது. இந்த வகைச் செல் ஒரு பிட்டை ஏறத்தாழ பத்து லட்சம் எலெக்ட்ரான்களாகச் சேமித்து வைத்திருக்கும். ஐந்து மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு ஆல்ஃபா துகள், சிலிக்கானுக்குள் நுழைந்து நிற்பதற்குள் சுமார் 14 லட்சம் எலெக்ட்ரான்களை விடுவித்துவிடும். கணக்கு சரியாகப் பொருந்தியது. ஒரே ஒரு துகள், ஒரு பிட்டைக் கவிழ்க்கப் போதும். பழைய மெமரிகளில் செல் பெரியது, அதில் சேர்ந்திருக்கும் மின்னூட்டமும் அதிகம். அதனால் இந்தத் துகள் அதை அசைக்கவில்லை. செல் சுருங்கச் சுருங்க, எப்போதும் இருந்த ஒரு சின்னத் தொல்லை பெரிய தொல்லையாகிவிட்டது.

யுரேனியம் பீங்கானுக்குள் எப்படி வந்தது? ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 1996-இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரை, பீங்கான் உறை செய்யும் புதிய தொழிற்சாலை ஒரு ஆற்றங்கரையில் இருந்ததையும், ஆற்றின் மேற்பக்கத்தில் பழைய யுரேனியச் சுரங்கத்தின் கழிவு கிடந்ததையும் சொல்கிறது. ஆற்றுத் தண்ணீர் பீங்கானுக்குள் போய், பீங்கான் சிப்பின் மேல் உட்கார்ந்து, எங்கோ ஒரு அலுவலகத்தில் கணினி நின்றது. அங்கே அதை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு இது எப்படித் தெரியப்போகிறது!

இந்த இடத்தில் ‘ராண்டம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த நொடியில் எந்த அணு சிதையும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அந்த அளவில் இது உண்மையிலேயே ராண்டம். எந்த உறையில் வரும், எந்தத் தொழிற்சாலைச் சரக்கில் அதிகம் வரும் என்பதெல்லாம் கணக்கெடுத்தால் தெரியக்கூடியது. நேரம் கணிக்க முடியாததாக இருக்கலாம், இடம் அப்படியில்லை.

1979-இல் ஐ.பி.எம்.மின் ஜேம்ஸ் சீக்லரும் வில்லியம் லான்ஃபோர்டும், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதே வேலையைச் செய்யும் என்று கணித்து எழுதினார்கள். ஐ.பி.எம். பின்னர் கொலராடோ மலைமேல், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் இருக்கும் லெட்வில் ஊரிலும், கீழே நிலத்தடியிலும் ஒரே மாதிரியான மெமரிகளை வைத்துச் சோதித்தது. மலைமேல் தப்புகள் அதிகம். தலைக்கு மேல் பாறை இருந்த இடத்தில் ஏறக்குறைய இல்லை.

ஹீரா: அமிலப் புட்டியில் ஒளிந்திருந்தது

எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த துப்பறிதல் இதுதான். 1986-87 வாக்கில் ஐ.பி.எம். தன் வாடிக்கையாளர்களின் கணினிகளில் மெமரித் தப்புகள் கூடிக்கொண்டே போவதைக் கவனித்தது. உள்ளே இதற்கு வைத்த பெயர் ஹீரா. அமெரிக்காவில் செய்த சிப்களில்தான் பிரச்சினை. அதே வடிவமைப்பில் ஐரோப்பாவில் செய்தவை நன்றாக இருந்தன.

முதல் சந்தேகம் இயல்பாகவே பீங்கான் உறை மேல். பத்து வருடத்துக்கு முன் நடந்த கதை எல்லோருக்கும் தெரியுமே. அதனால் அமெரிக்க சிப்பை ஐரோப்பிய உறையிலும், ஐரோப்பிய சிப்பை அமெரிக்க உறையிலும் மாற்றிப்போட்டுப் பார்த்தார்கள். நோய் சிப்போடு போனது, உறையோடு போகவில்லை. மெக்கானிக் ஷெட்டில் "அந்த வண்டி பிளக்கை இதுல போட்டுப் பாருடா" என்று சொல்வார்களே, அதே முறைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நோய் எதன் பின்னால் போகிறது என்று பார்.

பின்பு கதிரியக்கத்தை அளந்தார்கள். கிடைத்தது பொலோனியம்-210. யுரேனியமோ தோரியமோ கூட இல்லை. இதுதான் பெரிய தடயம். பொலோனியம்-210-இன் அரை ஆயுள் 138 நாள். இரண்டு மூன்று வருடத்தில் அது தானாகவே மறைந்துவிடும். இயற்கையில் கிடைப்பதென்றால் அதைப் பெற்றெடுக்கும் தாய்த் தனிமங்களும் உடன் இருக்க வேண்டும். அவை இல்லாமல் தனியாக இருக்கிறதென்றால், யாரோ அண்மையில், செயற்கையாகச் செய்த பொலோனியம் எங்கிருந்தோ கசிகிறது என்று அர்த்தம்.

தொழிற்சாலையில் பயன்படுத்தும் பொருட்களை ஒவ்வொன்றாகத் துருவினார்கள். கடைசியில் சிக்கியது நைட்ரிக் அமிலம் வந்த புட்டிகள். எல்லாப் புட்டியும் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மட்டும். அமிலம் விற்கும் நிறுவனத்தில் காலிப் புட்டியைக் கழுவி உலர்த்திய பிறகு, உள்ளே ஒட்டியிருக்கும் தூசியை அகற்றக் காற்றைப் பீய்ச்சுவார்கள். நிலைமின்சாரத்தால் தூசி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அந்தக் காற்றை அயனியாக்க வேண்டும். அதற்காக ஊதுகுழலில் பொலோனியம்-210 வைத்திருந்தார்கள். அது கசிந்து, சில புட்டிகளுக்குள் விழுந்து, அமிலத்தோடு சேர்ந்து சிப்புக்குள் போய்விட்டது.

தூசி விழுந்தால் சிப் கெட்டுவிடும் என்று பயந்து செய்த சுத்தம்தான் சிப்பைக் கெடுத்தது. இதை ஒரு தனிக் கணினியின் முன் உட்கார்ந்து எவ்வளவு யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து வந்த தப்புக் கணக்கை ஒரே மேசையில் வைத்துப் பார்த்ததால்தான், ‘அமெரிக்கச் சரக்கு, ஐரோப்பியச் சரக்கு' என்ற கோடு கண்ணில் பட்டது.

கணக்கு ஒன்றுசேராமல் போனால்

அந்தக் கணக்கை ஒரே மேசைக்கு வரவிடாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் உதாரணம் உண்டு. 1999, 2000 வாக்கில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பெரிய சர்வர்கள் காரணமே இல்லாமல் நின்று, தானாக மறுபடி எழுந்தன. டாட்காம் காலம் அது. இணைய வியாபாரம் பாதி இந்த இயந்திரங்களின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அல்ட்ராஸ்பார்க்-2 பிராசசருக்கு வெளியே இருந்த கேஷ் மெமரியில் பிட்கள் கவிழ்ந்துகொண்டிருந்தன. அந்த கேஷில் பாரிட்டி மட்டும்தான் இருந்தது, திருத்தும் வசதி இல்லை. தப்பு நடந்துவிட்டது என்று தெரியும், எந்த பிட் என்று தெரியாது. எனவே கணினி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஹாமிங் ஐம்பது ஆண்டுக்கு முன் எந்த இடத்தில் எரிச்சல்பட்டாரோ, சரியாக அதே இடம்.

2000 நவம்பரில் ஃபோர்ப்ஸ் இதழ் இந்த விவகாரத்தை வெளியே கொண்டுவந்தது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்களிடம், விஷயத்தை வெளியே பேசமாட்டோம் என்று சன் கையெழுத்து வாங்கியிருந்ததும் அப்போது தெரிந்தது. யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வந்து, "நாம என்ன தப்பு பண்ணோம்" என்று குழம்பிக்கொண்டிருக்கிறார். அடுத்த தெருவில் இன்னொருவருக்கும் இதே பிரச்சினை என்று தெரிந்தால், தன் மேல் தப்பில்லை என்று அவருக்கு உடனே புரிந்துவிடும். அது தெரியாமல் போகும்படி காகிதத்தில் கையெழுத்து வாங்கப்பட்டிருக்கிறது. சன் பின்னர் ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கும் கேஷுக்கு மாறியது. வாடிக்கையாளர் நம்பிக்கையில் விழுந்த அடி ஆறுவதற்கு அதைவிட அதிக காலம் பிடித்தது.

சிக்னல் 11

பெரிய நிறுவனங்களின் கதை இப்படி. வீட்டில் ஒரே ஒரு கணினி வைத்திருப்பவர் என்ன செய்வது? இதற்கு 1990-களில் லினக்ஸ்காரர்கள் ஒரு அழகான விடையைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள்.

அப்போதெல்லாம் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கெர்னலைத் தாங்களே கம்பைல் செய்துகொள்வது வழக்கம். பலருக்கு ஜிசிசி கம்பைலர் பாதியில் ‘சிக்னல் 11' என்று சொல்லி நின்றது. அந்தச் செய்திக்குப் பொருள், தனக்குச் சொந்தமில்லாத மெமரி முகவரியைத் தொடப் பார்த்தது என்பது. கம்பைலரில் பிழை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ரோகியர் வுல்ஃப் என்பவர் இதற்கென்றே ஒரு கேள்வி-பதில் தொகுப்பு எழுதி, பெரும்பாலும் இது மெமரிக் கோளாறு என்று விளக்கினார்.

அவர் சொன்ன சோதனையை ஒரு பாட்டி வைத்தியம் மாதிரி நினைவில் வைத்துக்கொள்ளலாம். மறுபடியும் அதே கட்டளையைக் கொடுங்கள். அதே இடத்தில் நின்றால் மென்பொருள் பிழை. வேறு இடத்தில் நின்றாலோ, நின்ற இடத்தைத் தாண்டிப் போனாலோ வன்பொருள். கம்பைலர் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வேலையைத்தான் செய்ய வேண்டும். அது மாறுகிறதென்றால் கீழே தரையே ஆடுகிறது.

கம்பைலரில் மட்டும் ஏன் இது தெரிந்தது? கம்பைலர் மெமரி முழுக்க முகவரிகளைச் சங்கிலி சங்கிலியாக அடுக்கி வைத்து வேலை செய்கிறது. சங்கிலியில் ஒரு பிட் கவிழ்ந்தாலும் முகவரி எங்கோ ஊருக்கு வெளியே போய்விடும், உடனே நிற்கும். அதே பிட் ஒரு புகைப்படத்துக்குள் கவிழ்ந்தால் ஒரு புள்ளியின் நிறம் லேசாக மாறும், யாரும் கவனிக்கமாட்டார்கள். எனவே கணினி நிற்பது ஒருவகையில் நல்ல சகுனம். நிற்காமல் தப்பாக எழுதிக்கொண்டே போவதுதான் மோசம்.

ஏறத்தாழ இதே காலத்தில், 1994-இல் கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட்86 வந்தது. விண்டோஸ், லினக்ஸ் எதுவும் இல்லாமல் நேரடியாகக் கணினியைத் தொடங்கி, மெமரி முழுவதும் விதவிதமான 0, 1 வரிசைகளை எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். கணினி தொடங்கும்போது தானாகச் செய்யும் மெமரிச் சோதனை வெறும் தலை எண்ணுவது. மெம்டெஸ்ட் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். அதனால்தான் ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடச் சொல்கிறார்கள்.

கதிர் மேல் பழி போடுவது

ஆல்ஃபா துகள், காஸ்மிக் கதிர் கதைகள் பிரபலமானதும் இன்னொரு பக்கம் சாய்ந்துவிட்டது. 2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்கு கூடுதலாக விழுந்திருந்தது. சாத்தியமே இல்லாத எண்ணிக்கை என்பதால் பிடிபட்டது. 4,096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. ஒரே ஒரு பிட் கவிழ்ந்திருக்கிறது என்று அந்த எண்ணே சொன்னது. மென்பொருளில் பிழை கிடைக்கவில்லை. உடனே காஸ்மிக் கதிர் என்ற விளக்கம் உலகமெல்லாம் பரவிவிட்டது. அது நிரூபிக்கப்பட்ட முடிவு அல்ல. "எல்லாம் விதி" என்று சொல்வது மாதிரி, அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க முடியாத ஒரு விளக்கம்.

2009-இல் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்களும் கூகுளின் சர்வர்களில் இரண்டரை ஆண்டு சேர்ந்த மெமரித் தப்புகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஓர் ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு சர்வரில் திருத்தப்பட்ட மெமரித் தப்பு ஒன்றாவது இருந்தது. மெமரித் துண்டு வாரியாகப் பார்த்தால் நூற்றுக்கு எட்டுக்கு மேல். அதைவிட முக்கியமான செய்தி: ஒருமுறை தப்பு செய்த துண்டுதான் மறுபடியும் மறுபடியும் தப்பு செய்தது. மழை மாதிரி எல்லார் மேலும் சமமாக விழும் கதிர் என்றால் அப்படி இருக்காது. பெரும்பாலான தப்புகளுக்குக் காரணம் வானம் இல்லை, பழுதான துண்டு.

2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வீட்டுக் கணினிகளுக்கு இதையே செய்தார்கள். சுமார் பத்து லட்சம் கணினிகளின் நீலத்திரை அறிக்கைகள். இசிசி இல்லாத கணினியில் மெமரி தப்பியது என்று எப்படி அறிவது? அவர்கள் செய்த தந்திரம் பிரமாதம். விண்டோஸின் கெர்னல் நிரல் மெமரியில் எழுத முடியாத பகுதியாக இருக்கும். அதன் ஒவ்வொரு பிட்டும் எப்படி இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட்டுக்குத் தெரியும். விழுந்த கணினி அனுப்பிய மெமரிப் பிரதியில் அந்தப் பகுதியை மூலத்தோடு ஒப்பிட்டார்கள். ஒரே ஒரு பிட் வேறாக இருந்தால், அதை எந்தப் புரோகிராமும் மாற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மெமரிதான்.

எட்டு மாதத்தில் மொத்தம் முப்பது நாள் அளவு ஓடிய கணினிகளில், பிராசசர் கோளாறால் ஒருமுறை விழுவதற்கான வாய்ப்பு 190-இல் ஒன்று. ஒருமுறை விழுந்த கணினி இரண்டாம் முறை விழுவதற்கான வாய்ப்போ ஏறத்தாழ மூன்றில் ஒன்று. "ஒரு தடவைதானே, பரவாயில்லை" என்று நாம் சொல்லிக்கொள்வதற்கு எதிராக இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. ஓவர்கிளாக் செய்த கணினிகள் அதிகம் விழுந்தன என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

கூட்டல் தெரியாத பிராசசர்

மெமரியை நம்பக் கூடாது என்று கற்றுக்கொண்டோம். பிராசசர் மட்டும் கணக்கில் தவறாது என்ற நம்பிக்கை மிச்சம் இருந்தது. 2021-இல் அதுவும் போயிற்று. ஃபேஸ்புக் பொறியாளர்கள் ஒரு சர்வரைப் பற்றி எழுதினார்கள். 1.1-ஐ 53-ஆம் அடுக்குக்கு உயர்த்தி முழு எண்ணாக எடுத்தால் 156 வர வேண்டும். அந்தச் சர்வரில் ஒரு குறிப்பிட்ட கோர் மட்டும் 0 என்று சொன்னது. மற்ற கோர்கள் சரி. மற்ற பல கணக்குகளில் அந்தக் கோரும் சரி. இதனால் ஃபைல்கள் காணாமல் போயின, எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. அதே ஆண்டு கூகுளும் இப்படிச் சில ஆயிரம் இயந்திரங்களுக்கு ஒருசில கோர்கள் இருப்பதாக எழுதியது.

வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பாடம் 2023-24-இல் வந்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக டெஸ்க்டாப் பிராசசர்களில் விளையாட்டுகள் விழுந்தன. பல விளையாட்டுகளில் வந்த செய்தி ‘வீடியோ மெமரி போதவில்லை' என்பது. இதைப் படிக்கிற எவரும் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகப்படுவார். உண்மையில் சுருக்கி வைத்த தகவலை விரிக்கும்போது பிராசசர் தப்புப் பண்ணியது. அந்தத் தப்பு வந்து விழுந்த இடத்தில் இருந்த மென்பொருள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. புகார்கள் சேரச் சேர, கிராஃபிக்ஸ் கார்டு வேறு வேறு, பிராசசர் மட்டும் ஒரே வகை என்பது தெரிந்தது. 2024-இல் இன்டெல், தேவைக்கு மேல் போன மின்னழுத்தம் பிராசசரின் ஒரு பகுதியை முன்கூட்டியே முதுமையடையச் செய்கிறது என்று ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் திருத்தம் தந்து, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போனதைத் திருத்தம் சரிசெய்யாது. மாற்றித்தான் ஆக வேண்டும். வால்வு மெல்ல மெல்லப் பலவீனமாவதைப் பார்த்த ஃபாரஸ்டருக்கு இது புதிதாக இருந்திருக்காது.

நம் மேசைக்கு என்ன?

நம் ஊர் சர்வீஸ் கடைகளில் ஒரு பழைய வைத்தியம் உண்டு. ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறக் காலைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துடைத்துத் திரும்பப் போடுவார்கள். படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. தொடுமுனையில் படியும் அழுக்கு இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஒரு உண்மையான காரணம். கழற்றி மாட்டுவதே பல நேரம் குணமாக்கும். குறை ஒன்றுதான்: ரப்பரால் தேய்த்ததும் சரியாகிவிட்டது என்று அனுப்பிவிடுகிறார்களே தவிர, சரியாகிவிட்டதா என்று யாரும் சோதிப்பதில்லை.

மேலே வந்தவர்கள் எல்லோரும் செய்தது நான்கு காரியம்தான். எப்போது, எதைச் செய்யும்போது, என்ன செய்தியோடு விழுந்தது என்று எழுதி வைத்தார்கள். ஒரே இடத்தில் விழுகிறதா, இடம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றினார்கள். பிறகு வேண்டுமென்றே சுமையேற்றிப் பார்த்தார்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். இரண்டு ரேம் துண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டலாம், அடுத்த வாரம் மற்றதை. ராத்திரி மெம்டெஸ்ட். மதர்போர்டில் தலை வீங்கிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸை நண்பரிடம் கடன் வாங்கி மாற்றிப் பார்க்கலாம்.

அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது, முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுப்பது. நின்றுபோகும் கணினி தொல்லைதான் தரும். நிற்காமல், மாறிப்போன பிட்டை உங்கள் கணக்குப் புத்தகத்திலும் குழந்தையின் புகைப்படத்திலும் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கும் கணினி, நீங்கள் கவனிக்கும்போது பழைய நல்ல பிரதியையும் அழித்து முடித்திருக்கும். அதனால் புதுப் பிரதியைப் பழைய பிரதியின் மேலேயே எழுதாதீர்கள். தனியாக வையுங்கள், தேதி போட்டு.